வேலியில்லாத காணி

சந்திரவதனா அன்ரியின் குசினிக்குள் கால் வைத்ததுமே நிலாணியின் மூக்கில் அந்தப் பூண்டு மணம் ஏறியது. பாத்திரம் கழுவும் தொட்டி நிறையக் காட்டு வெங்காயம், கிழங்கும் வேரும் மண்ணுமாக. நிலத்தில் இன்னும் இரண்டு அரிசிப் பை.

"வா பிள்ளை, நல்ல நேரம் வந்தாய். வறைக்கு அரிஞ்சு தா. ஒன்றுகூடலுக்கு நூறு பேர் வருகினம்."

அன்ரி மல்வேர்னில் புலம்பெயர்ந்த தமிழரின் மாதர் சங்கமொன்றின் தலைவி. கூட்டம் தொடங்குமுன் இந்த மண்ணைக் காத்த ஆதிக்குடிகளுக்கு நன்றி வாசிப்பவரும் அவரே. வாசிக்கும்போது குரல் தழுதழுக்கும்.

"எங்கை பிடுங்கினீங்கள்?" கேட்கவே தேவையில்லாத கேள்வி.

"நீ சொன்ன இடத்திலைதான். ஒஷாவாவுக்கு அங்காலை. வான் பிடிச்சு ஏழு பேர் போனனாங்கள்."

ஸ்டெபனி அனிஷினாபே என்ற ஆதிக்குடியைச் சேர்ந்தவள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் ஒன்பது வருடமாக நிலாணியோடு வேலை செய்கிறாள். போன கிழமை இந்த இலை பறிக்கத் தன் தமையனுடைய காட்டுக் காணிக்குக் கூட்டிப்போனாள். முதலில் கண்ட செடியை அவள் தொடவில்லை. நன்றிக் காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலையை மண்ணில் வைத்தாள். பிறகு செடிக்கு ஒரு இலையாக வெட்டினாள். கிழங்கைப் பிடுங்கினால் செடி போச்சு, விதையிலிருந்து வர ஏழெட்டு வருடமாகும் என்றாள். இடத்தை ஒருவருக்கும் சொல்லாதே என்பதுதான் அவள் கேட்ட ஒரே உதவி. நிலாணி அந்த இலையில் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து அன்ரிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். அன்ரி புகழப் புகழ, வீதியின் பெயரையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

"அது ஆரின்ரை காணி எண்டு தெரியுமோ அன்ரி?"

"வேலியே இல்லையே பிள்ளை! வேலியில்லாட்டி ஆரின்ரை காணி?"

சொன்னது யார்? வருடாவருடம் வேலி அடைக்கிற தங்கள் ஊரில், பக்கத்து வீட்டுக்காரன் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டான் என்று பதினொரு வருடம் வழக்காடிய குடும்பத்து மனுசி. சீ, என்ன சென்மங்கள் என்று நிலாணிக்கு அருவருத்தது. அதைவிடத் தன்மேல் அருவருத்தது. முதல் வேலியைத் தன் வாய்க்கல்லவா போட்டிருக்க வேண்டும்!

வேர் அறுபடாதவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டாள். பாதிகூடத் தேறவில்லை.

"உனக்கென்ன விசரோ? சங்கத்துக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

"நன்றி வாசியுங்கோ. அது காணும்."

மறுநாள் ஸ்டெபனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் போய்ப் பார்த்தார்கள். பன்றி கிளறிய தோட்டம்போலக் கிடந்தது நிலம். கிளறிய மண்ணில் ரோல்ஸ் சுற்றிய எண்ணெய்க் கடதாசிகள், தேத்தண்ணிக் கோப்பைகள், யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு. நிலாணி அதையெல்லாம் வெறுங்கையால் அள்ளினாள். மத்தியானம்வரை இருவரும் கிழங்குகளை நட்டார்கள். எத்தனை பிழைக்கும் என்று நிலாணி கேட்கவில்லை.

அப்போது ஸ்டெபனியின் தமையன் ட்ரக்கில் வந்து கட்டைகளையும் கம்பிச் சுருளையும் இறக்கினான். நிலாணியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எங்கள் குடும்பத்தில் வேலி போடுகிற முதல் ஆள் இவன்தான்," என்றாள் ஸ்டெபனி.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் கம்பியின் ஒரு நுனியை நிலாணியிடம் நீட்டினாள்.

நிலாணி அதை இழுத்துப் பிடித்தாள். இந்த ஒரு வேலையை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.