ஓவன் புலோரியும் தூக்கிலேறிய ஜாக்கும்

துருபதி வாணலியின் அடியில் டிரில் மெஷினால் ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, அதில் பந்தானியாக் கீரைச் செடியை நட்டுவிட்டாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போன ஹார்டியோ அதைப் பார்த்து நுரையை விழுங்கிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குப் புலோரி உருண்டை பொரித்துக் கொடுத்த வாணலி அது. இப்போது கீரைத்தொட்டியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏண்டி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"டாக்டரு சொன்னப்ப காதுல பஞ்சா வச்சிருந்த? உன் ரத்தத்துல கொழுப்புதான் ஓடுதாம். ரத்தத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காம்."

"அந்த டாக்டரம்மா ஓமக்குச்சி மாதிரி இருக்கு. ஃபேன் போட்டா பறந்துரும். அதுக்குப் புலோரியப் பத்தி என்ன தெரியும்?"

"உங்கண்ணனும் இப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தாரு."

ஹார்டியோ குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தான். அண்ணன் போன வருஷம் வலை ஊஞ்சலில் படுத்தபடியே, கையில் பாதி கடித்த சகீனா வடையோடு போய்ச் சேர்ந்தவர். அந்தப் பாதி சகீனாவைக் கையிலிருந்து எடுத்தவளே துருபதிதான். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் யார் என்ன பேச முடியும்?

அன்றிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய் என்பது ஒரு ஸ்பிரே பாட்டிலானது. அதுவும் துருபதியின் ஏப்ரன் பையிலேயே குடியிருந்தது. புலோரிக்கு மாவென்னவோ அதே பட்டாணிப் பருப்பு மாவுதான். பூண்டு, மிளகாய், மஞ்சள் எல்லாம் உண்டு. ஆனால் கொதிக்கிற எண்ணெயில் விழ வேண்டிய உருண்டை, குழித்தட்டில் உட்கார்ந்து ஓவனுக்குள் போனது. சகீனாவுக்கான சேம்பிலையைச் சுருட்டி ஆவியில் வேகவைத்து, வில்லை வில்லையாக வெட்டி வாட்டினாள். ஈரப்பலாவைக் காகிதம் போலச் சீவி மொறுமொறுவென்று ஆக்கினாள். கொண்டைக்கடலையை மஞ்சளில் புரட்டி வறுத்தாள். தொட்டவன் விரல் ரெண்டு நாளைக்குக் கல்யாண வீட்டு விரல். கடையில் வாங்கி வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கோழிகளுக்குக் கொட்டினாள். கோழிகள் அவற்றை மோந்து பார்த்துவிட்டு மண்ணையே கிளறப் போய்விட்டன.

ஹார்டியோ முதல் ஓவன் புலோரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னடி, குளிச்சு முடிச்சுப் பவுடர் போட்டுக்கிட்டு வந்திருக்கு?"

"தின்னு பாத்துட்டுப் பேசு."

தின்றான். நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப் போனது. ஆனால் அதை ஒப்புக்கொள்வதற்கு அவன் என்ன மடையனா? முகத்தைக் கசாயம் குடித்தவன் மாதிரி வைத்துக்கொண்டான்.

நாக்கை எப்படியும் சமாளித்திருப்பான். அவனுடைய தலைவலி வேறே. அது யாரிடமும் சொல்ல முடியாத தலைவலி.

பெனால் ஊரில் ஹார்டியோ என்றால் சீட்டாட்ட ராஜா. சனிக்கிழமை மத்தியானமானால் தூண்கள் மேல் நிற்கும் அவன் வீட்டுக்கு அடியில், ஊஞ்சலுக்குப் பக்கத்தில், மேசை போட்டு நாலு பேர் உட்காருவார்கள். ஹார்டியோவுக்குக் கூட்டாளி வெல்டிங் பட்டறைக்காரன் கத்பர்ட். எதிர்க்கட்சியில் ரம் கடை லால்சான், அவனுக்குக் கூட்டாளி டாக்சி ஓட்டும் பிசூன். ஆட்டத்தின் உயிரே துருப்பு ஜாக்தான். உன்னிடம் இருக்கும் ஜாக்கை எதிராளி அதைவிடப் பெரிய துருப்பால் பிடித்துவிட்டால், அதற்கு ஜாக்கைத் தூக்கில் போடுவது என்று பெயர். தூக்கில் போட்டவன் மேசையை ஓங்கி அறைந்து தெருவே அதிரக் கத்துவான். தூக்கில் போனவன் ஒரு வாரத்துக்கு ரொட்டி வாங்கக்கூட வெளியே வரமாட்டான்.

ஹார்டியோ தூக்கில் போட்ட ஜாக்குகளுக்குக் கணக்கே கிடையாது. எதிராளி கையில் ஜாக் இருப்பது அவனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ என்று ஊரே வாயைப் பிளக்கும். "அது மூளைடா" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவான்.

மூளையாவது, மண்ணாங்கட்டியாவது! எல்லாம் எண்ணெய். ஜாக் கைக்கு வந்தவன் அதை விடமாட்டான். விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்வான். அந்த விரல் அப்போதுதான் புலோரித் தட்டிலிருந்து வந்திருக்கும். வருஷக்கணக்காக இப்படி அமுங்கி அமுங்கி, நாலு ஜாக்கின் முதுகிலும் மூலையில் எண்ணெய் ஊறி, வெயில் பட்டால் கண்ணாடி மாதிரி மின்னும். இதை முதலில் கண்டுபிடித்தபோது ஹார்டியோவுக்கு நியாயமாக வெட்கம்தான் வந்தது. அது ஒரு அரை மணி நேரம் இருந்தது. அப்புறம் இடுப்பு வலி என்று சொல்லி, வெளிச்சம் தோதாக விழுகிற நாற்காலியைத் தனக்கென்று பிடித்துக்கொண்டான். "ராஜா நாற்காலி" என்று ஊரே அதற்குப் பெயர் வைத்துவிட்டது.

வாணலி தொட்டியான அதே வாரத்தில், துருபதி அந்தச் சீட்டுக்கட்டையும் தூக்கிவிட்டுப் புதுக்கட்டு வாங்கி வைத்தாள்.

"பழைய கட்டு எங்கடி?"

"ஐயே, அந்தப் பிசுக்கையா கேக்குற? குப்பையில போட்டேன். பிழிஞ்சா ஒரு கரண்டி எண்ணெய் வரும்."

ஹார்டியோ என்னவென்று சொல்லி அழுவான்? அந்தச் சனிக்கிழமை தோற்றான். அடுத்த சனிக்கிழமையும் தோற்றான். மூன்றாவது வாரம் லால்சான் அவனுடைய ஜாக்கையே தூக்கில் போட்டு, மேசை மேல் ஏறி நின்று இடுப்பை ஆட்டினான்.

"அண்ணி!" என்று மாடியைப் பார்த்துக் கூவினான். "இன்னொரு தட்டு அனுப்புங்க அண்ணி! உங்க ஓவன் புலோரி என்னைச் சாம்பியன் ஆக்கிருச்சு! இவன் மூளை எண்ணெயிலதான் ஓடிருக்கு, எஞ்சின் மாதிரி!"

ஹார்டியோ அதையே பிடித்துக்கொண்டான். "ஆமாடா! உண்மையைத்தான் சொல்ற. பொரிச்சதைத் தின்னாதான் எனக்குப் புத்தி வேலை செய்யும். இந்த வறட்டுத் தீனி தின்னு மூளை காஞ்சு போச்சு."

கத்பர்டுக்கும் அது சரியாகப் பட்டது. அவனும் சேர்ந்துதானே தோற்கிறான்! "அண்ணி, அந்த வாணலிய என்கிட்ட குடுங்க. ஓட்டைய நான் வெல்டு வச்சு அடைச்சுத் தரேன். எதுக்கு ஒரு மனுஷன் மானத்தோட விளையாடுறீங்க?"

துருபதி படியிறங்கி வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாலு பேரையும் பார்த்தாள்.

"சரி. அடுத்த சனிக்கிழம பிசூன் அண்ணனுக்கு டாக்சி சவாரி இருக்கில்ல? லால்சானுக்குக் கூட்டாளியா நான் உக்காருறேன். என் புருஷன் ஜெயிச்சா, கத்பர்ட் வாணலிய அடைக்கட்டும். அன்னைக்கே புலோரி பொரிக்கிறேன். தோத்தா, இனிமே நான் குடுக்குறதை முணுமுணுக்காம திங்கணும். அந்த ராஜா நாற்காலியும் எனக்கு."

"நீயா? உனக்கு ஜாக்குக்கும் ராணிக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"ஜாக்குக்கு மீசை இருக்கும், மூளை இருக்காது. ராணி வேற."

லால்சான் சிரித்த சிரிப்பில் ரம் மூக்கு வழியாக வந்தது.

அந்த வாரம் முழுக்க ஹார்டியோ யோசித்தான். புதுக்கட்டு ஜாக்குகளுக்கும் கொஞ்சம் எண்ணெய் காட்டிவிட்டால் கதை முடிந்தது. வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து திரும்பும்போது தெருமுனைக் கடையில் நல்ல சொதசொதவென்று ஒரு கச்சோரியை வாங்கிக் காகிதத்தில் சுற்றி, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டு வாசலிலேயே மினிஸ்டர் அவனைப் பிடித்துக்கொண்டது. மினிஸ்டர் அவர்கள் வளர்க்கும் நாய். இத்தனை வாரமாக அதற்கும் ஓவன் தீனிதான். பாவம், அதுவும் காய்ந்து போயிருந்தது. பையை மோந்துகொண்டே, வாலை ஆட்டிக்கொண்டே, அவன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தது.

"போடா அந்தப் பக்கம்! சனியனே, போ!"

"என்னய்யா, நாய் உன் மேல இவ்ளோ பாசமா இருக்கு?" என்று மாடியிலிருந்து துருபதி கேட்டாள்.

"வளத்தவன் மேல பாசம் இருக்காதா?" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை ஊஞ்சல் வலையின் மடிப்புக்குள் ஒளித்து வைத்தான். கை கழுவிவிட்டு வருவதற்குள் மினிஸ்டர் கச்சோரியையும் தின்று, காகிதத்தையும் தின்று, ஊஞ்சலில் ஒரு மூலையையும் தின்றிருந்தது. ஹார்டியோ நாயைப் பார்த்தான். நாய் ஏப்பம் விட்டது.

ஆக, சனிக்கிழமை மத்தியானம், இந்த வாரமும் வேறு வழியில்லாமல் ஹார்டியோ நேர்மையாகச் சீட்டாட உட்கார்ந்தான். ராஜா நாற்காலியில்தான் உட்கார்ந்தான். இருந்து என்ன பிரயோசனம்? சுற்றிலும் அக்கம்பக்கத்து ஜனங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். கத்பர்ட் வெல்டிங் கண்ணாடியையே நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். கீரை நட்ட வாணலியைக் கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

துருபதி தன் பக்கத்தில் ஒரு கிண்ணம் மஞ்சள் கொண்டைக்கடலையை வைத்துக்கொண்டாள். ஒரு கடலை, ஒரு சீட்டு. ஒரு கடலை, ஒரு சீட்டு. கையில் விழுந்ததை ஆற அமர அடுக்கினாள்.

"சீக்கிரம் போடுடி, அடுப்புல என்ன வச்சிட்டா வந்திருக்க?"

"எனக்கென்ன அவசரம்? தோக்கப் போறவனுக்குத்தான் அவசரம்."

ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். ஆனால் ஆட்டம் ஹார்டியோ நினைத்த மாதிரி இல்லை. அவன் நன்றாக ஆடினான்! எண்ணெய் இல்லாமலே ஆடினான். நேர்மையாக ஜெயிப்பது இப்படித்தான் இருக்குமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசிக் கைக்கு வந்தபோது இரண்டு கட்சியும் சமம். அந்தக் கையில் துருப்பு இஸ்பேட். சீட்டை எடுத்துப் பார்த்தான். இஸ்பேட் ஜாக் அவனைப் பார்த்து மீசையை முறுக்கியது.

இதைப் பத்திரமாக வீடு கொண்டு சேர்த்துவிட்டால் ஆட்டம் அவனுடையது. மூக்கில் புலோரி பொரிகிற வாசனையே வந்துவிட்டது. முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு, மற்ற சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழித்தான். கடைசியில் எல்லோர் கையிலும் இரண்டிரண்டு சீட்டு. அவனிடம் ஜாக்கும் ஒரு சில்லறை டைமனும். இறக்க வேண்டியது துருபதி.

அவள் ஒரு கடலையை வாயில் போட்டாள். தன் சீட்டைப் பார்க்கவில்லை. அவன் சீட்டின் முதுகைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு இஸ்பேட் ராணியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள்.

துருப்பு இறங்கினால், துருப்பு வைத்திருப்பவன் துருப்புத்தான் போட வேண்டும். ஹார்டியோவின் ஜாக் ராணியின் காலடியில் போய் விழுந்தது.

"தூக்குடா அவனை!" என்று லால்சான் மேசையை அறைந்த அறையில் கடலைக் கிண்ணம் எம்பிக் குதித்தது. மினிஸ்டர் குரைத்தது. கத்பர்ட் வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான். அழுதானோ என்னவோ, தெரியவில்லை. துருபதி தன் கடைசிச் சீட்டைத் திருப்பிப் போட்டாள். டைமன் ஏஸ். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் இறக்கியிருப்பார்கள்.

ஹார்டியோவுக்கு ஏதோ உறைத்தது. ஜாக்கை எடுத்துத் திருப்பினான். முதுகில், மூலையில், எண்ணெய் இல்லை. ஒரு சின்ன மஞ்சள் கட்டை விரல் ரேகை இருந்தது.

மற்ற மூன்று ஜாக்குகளையும் தேடி எடுத்துத் திருப்பினான். மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.

"இது... இது..." என்று வாயைத் திறந்தான்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். "என்னடா?" என்றான் லால்சான்.

துருபதி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள். "என்னய்யா? சீட்டு முதுகுல ஏதாவது இருக்கா? அங்கல்லாம் பாக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஹார்டியோ நாலு ஜாக்கையும் கட்டுக்குள் செருகினான்.

"ஒண்ணுமில்ல," என்றான். "புதுக்கட்டு... நல்லா இருக்குன்னு பாத்தேன்."

ஜனங்கள் கலைந்து, கத்பர்ட் வாணலியைத் திரும்பக் கொல்லையில் வைத்துவிட்டுப் போன பிறகு, துருபதி ஒரு தட்டு ஓவன் புலோரியும் புளிச் சட்னியும் கொண்டு வந்து, ராஜா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹார்டியோ நாய் கடித்த ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தான்.

"பழைய கட்டு குப்பைக்குப் போகல," என்றாள். "அலமாரில வச்சிருக்கேன். தூக்கிப் போடத்தான் எடுத்தேன், ஜன்னல் வெளிச்சத்துல நாலு மட்டும் மின்னிச்சு. திருப்பிப் பாத்தா நாலும் ஜாக்கு. சிரிச்சுச் சிரிச்சு வயித்த வலிச்சிருச்சுய்யா எனக்கு. லால்சானுக்குக் காட்டட்டுமா?"

"அடியே, மானத்த வாங்காத."

"அப்ப தின்னு." தட்டை அவன் மடியில் வைத்தாள். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "உங்கண்ணன் மாதிரி நீயும் அந்த ஊஞ்சல்லயே போயிட்டா, நான் யாருகூட சண்டை போடுவேன்? யாரோட ஜாக்கைத் தூக்குல போடுவேன்? சொல்லு."

ஹார்டியோ அவளைப் பார்த்தான். அவளுடைய கட்டை விரல் நகம் வரைக்கும் மஞ்சளாக இருந்தது. ஒரு புலோரியை எடுத்துச் சட்னியில் முக்கித் தின்றான். இன்னொன்றும் தின்றான். மூன்றாவதை எடுக்கும்போது வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"நல்லாத்தாண்டி இருக்கு. முதல் நாள்லேருந்தே நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்," என்றாள் துருபதி. "சீட்டைப் போடு. இந்தத் தடவை ரெண்டு பேரும் கை கழுவிட்டு ஆடலாம்."