எட்டுப் புள்ளி வீடு

அன்று விடியற்காலை சாயத்தொட்டி அருகே இருந்தவர்கள்: கொதிகலன் அண்ணன், துணி பிழியும் அக்கா, அவளுடைய கூட்டாளிகள் இருவர், இரவு ஷிப்ட் முடிந்தும் வீடு போகாத நான். மேனேஜர் பிறகுதான் வந்தார்.

கொதிக்கும் நீலத்திலிருந்து துணியை இழுத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கினார்கள். அக்காவுக்கு முழங்கைவரை நீலம். ஆவியில் முகங்கள் தெரியவில்லை, இருமல்தான் கேட்டது.

மேனேஜர் தாளை விரித்தார். "எட்டுப் புள்ளியும் அதுக்கு மேலயும் வாங்கின குடும்பங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள கம்பெனி வீட்டைக் காலி பண்ணணும். கஷ்டத்துல இருக்கறவங்க நிலையா வேலைக்கு வரமாட்டாங்களாம். முதலாளி உத்தரவு."

அந்தப் புள்ளிகளைப் போட்டவன் நான். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு எழுதத் தெரியும் என்று கணக்கெடுப்பு வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஓர் அறையில் எத்தனை பேர், சம்பாதிப்பவர் யார், நோயாளி உண்டா? ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு புள்ளி. புள்ளி கூடினால் அரசு உதவி வரும் என்றார்கள். தாள்கள் முதலாளியின் மேசைக்குப் போகும் என்று சொல்லவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். "என் வீட்டுக்காரரு ரத்தமா துப்புறத டாக்டர்கிட்டகூட முழுசா சொல்லல. உங்கிட்ட சொன்னேனேடா."

"உனக்கு ஆறுதான்க்கா வந்துச்சு. உதவி கிடைக்கட்டுமேன்னு நான்தான் ரெண்டு கூட்டிப் போட்டேன்."

"பரீட்சைல நீ வாங்காத மார்க்கையெல்லாம் எனக்குப் போட்டியாக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் ஆவிக்குழாயை மூடினார். சீறல் அடங்கியது. "சார், என் வீட்டுக்கு எத்தனை?"

"மூணு. உனக்கு ஒண்ணும் இல்ல, போய் வேலையைப் பாரு."

"எட்டுன்னு எழுதிக்குங்க."

"எனக்கும்," என்றாள் ஒரு கூட்டாளி.

"எனக்குப் பத்து," என்றாள் இன்னொருத்தி.

"என்ன, விளையாடறீங்களா?"

"எல்லாரையும் துரத்திட்டு, நீங்களும் முதலாளியும் வந்து பிழியுங்க. கை நீலமானாப் போகாது, சொல்லிட்டேன்," என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் லாரி வந்து நின்றது. ஆறு தடியர்கள் இறங்கினார்கள். அதற்குள் அக்காவின் ஒற்றை அறையில் பதினாறு பேர், படுத்திருந்த அவள் கணவரைச் சுற்றி முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாசலில் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நினைக்கும் உரிமையும் எனக்கு இல்லை.

லாரிக்காரர்கள் நான்கு வீடு தூரத்துக்கு நெருங்கிவிட்டார்கள்.

"அங்க நின்னு என்ன, உள்ள எத்தனை பேருன்னு எண்ணிக்கிட்டிருக்கியா?" என்றாள் அக்கா. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. "வந்து தொலை."

நுழைந்தேன். அண்ணன் நகர்ந்து ஒரு சாண் இடம் கொடுத்தார். எனக்குப் பின்னால் அக்கா கதவைச் சாத்திப் பூட்டினாள்.