பட்டதும் அமுக்கு

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் ராஜம்மாவின் காதில் இரண்டு வருஷமாக ஓயாத ரீங்காரம். சொட்டு மருந்து எதுவும் பலிக்காததால், நாத்தனார் தேவிதான் அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்குங்க" என்று ஹெட்போனை மாட்டினார் டாக்டரம்மா. ராஜம்மா அமுக்கவேயில்லை.

"இன்னா அண்ணி, கேக்கலியா?"

"லேசா கேக்குது. கையில பட்டதுமே அமுக்குனா எறா ஓடிடும்ல? நல்லா உள்ள வரட்டும்னு இருக்கேன்."

தேவி விழுந்து விழுந்து சிரித்தாள். "இது ஏரி இல்ல அண்ணி! பட்டதும் அமுக்கு!"

மறுசோதனையில் காது எவ்வளவு மந்தம் என்று சரியாகத் தெரிந்தது. அதற்கேற்ற காதுக் கருவியை மாட்டியதும் ஃபேன் சத்தம் கேட்டது, ரீங்காரம் அடியில் பதுங்கியது.

"முழுசா போகாது, பழகப் பழக அடங்கும்" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் தேவியின் வாய் ஓயவில்லை.

"அடியே, உனக்கு அந்த ரீங்காரமே தேவல" என்றாள் ராஜம்மா. ஆனால் கருவியைக் கழற்றவில்லை.