ஒற்றை அட்டையில் மூன்று பேர்

லினக்ஸ் கன்டெய்னருக்குப் பிரிட்ஜ் போடுவது எனக்குக் கைவந்த கலை. தான்சானியாவின் ஏரிக்கரை ஊரான முவான்சாவில் ஜெனரோசா என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். ஆனாலும் அன்று காலை மீன் ஏலக் கொட்டகையில் என் மானம் கப்பலேறப் பார்த்தது.

மீனவர் சங்கத் தலைவி நியாமிசி அக்கா புதிதாக மின் தராசு வாங்கியிருந்தார். அதுவரை கொள்முதல் ஏஜென்ட் கிஷிம்பாவின் தராசு சொன்னதுதான் எடை. "இன்னைக்கு ஏலத்துக்குள்ள நம்ம தராசு வேலை செய்யலன்னா, இந்த சீசன் முழுக்க உன் தராசுதான்" என்று எல்லார் முன்னாலும் அவனிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

சங்க அறையில் ஒரே கணினி. அதற்குள் குட்டிக் கணினிகள் மாதிரி மூன்று கன்டெய்னர்கள்: ஒன்று எடையை வாங்க, ஒன்று பலகையில் காட்ட, ஒன்று உறுப்பினர்களின் போனுக்கு அனுப்ப. அவை கணினியின் முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், தராசு கூப்பிடுவது கேட்காது. ஆளுக்கொரு முகவரி வேண்டும். அதற்குத்தான் பிரிட்ஜ். கேபிள் செருகிய போர்ட்டையும் மூன்று கன்டெய்னர்களையும் அதில் கோத்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

முகவரிதான் வரவில்லை. கணினிக்கு எல்லாம் ஒழுங்காகப் போய் வருகிறது. கன்டெய்னர்கள் கேட்டால் மட்டும், முகவரி கொடுக்க வேண்டிய கொட்டகை ரவுட்டர் பதிலே சொல்லவில்லை.

கிஷிம்பா மாண்டாசிப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே வந்தான். "என்ன தங்கச்சி, உங்க தராசு ஊமையாயிடுச்சா?" என்றவன், முதல் சங்காரா மீன் கூடையைத் தன் தராசில் ஏற்றி, "முப்பத்தாறு கிலோ!" என்று கூவினான்.

"என்னடி இது? என் மக கல்யாணத்துல அவ்ளோ வாயடிச்சியே, இப்ப என்னாச்சு?" என்றார் அக்கா.

கல்யாணம்! 'ஒருவருக்கு' என்று போட்ட அட்டையோடு மனைவி, மச்சினி எல்லாரையும் கூட்டிவந்த ஆள் இதே கிஷிம்பாதான். வாசலில் காவல் நின்றவன் அவனை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு மற்றவர்களை நிறுத்திவிட்டான்.

அடச்சே! என் கேபிள் போவது ஜன்னலில் இருக்கும் வைஃபை பெட்டி வரைக்கும்தானே! அங்கிருந்து கொட்டகைக்குக் காற்றில் போகிறது. கேபிளைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன், மடச்சி.

"அக்கா, இந்த வைஃபை ஒத்தை ஆள் அட்டை, கணினி ஒண்ணைத்தான் உள்ள விடும். நான் கூட மூணு பேரைக் கூட்டிட்டு வந்துட்டேன். கொட்டகை வரைக்கும் நீளக் கேபிள் வேணும், இப்பவே!"

சங்கத்தில் அவ்வளவு நீளக் கேபிள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கிஷிம்பா பந்தாட்டம் பார்க்க இரவல் வாங்கித் தன் டிவியில் மாட்டியிருந்தான். அக்கா விறுவிறுவென்று போய் அதைப் பிடுங்கினார்.

"ஏய், மேட்ச் இருக்கு!"

"சங்கத்துக் கேபிள்யா இது. போய் ரேடியோவுல கேளு."

வைஃபை பெட்டியைக் கழற்றிவிட்டு அந்தக் கேபிளை மாட்டினேன். மூன்று முகவரிகளும் மளமளவென்று வந்தன. எனக்குப் போன உயிர் திரும்பியது.

அக்கா அதே கூடையை எங்கள் தராசில் வைத்தார். பலகையில் நாற்பத்தொன்று என்று விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் கிஷிம்பாவைப் பார்த்தார்கள்.

"இத்தனை வருஷமா கூடைக்கு அஞ்சு கிலோ" என்றார் அக்கா. "யாரு வீட்டுச் சட்டியில வெந்துச்சு, சொல்லு."