பதினான்கு வெள்ளைப் பைகள்

பின்ஹாஸ் கண்ணை மூடிய பிறகு எங்கள் தெருவில் ஒரு கடிகாரம்கூடப் பழுதாகவில்லை. இதை முதலில் கவனித்தவள் நான்தான். உஸ்பெகிஸ்தானத்துப் புகாராவின் யூதத் தெருவில் எதையும் முதலில் கவனிப்பவள் சிவ்யோதான் என்று ஊரே சொல்லும். பொறாமையில் சொல்கிறார்கள், ஆனால் உண்மை.

அவர் இருந்தவரை வாரத்துக்கு நான்கு வீட்டிலாவது கடிகாரம் நின்றுபோகும். வியாழக்கிழமை ஆனால் போதும், ஆளையே உள்ளே படுக்கவைக்கலாம் போன்ற தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தங்கப்பல் மல்கோ வீட்டுக்கும் போவார், தெருக்கோடி வீட்டுக்கும் போவார். என் வீட்டுக்கும் வருவார். என் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் பின்பக்கத்தைத் திறந்து, ஒரு ஊது ஊதி, மூடிவிட்டு, ஒரு கோப்பை பச்சைத் தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

"இத்தனூண்டு கடிகாரத்துக்கு எதுக்கு அண்ணே இவ்ளோ பெரிய பெட்டி?" என்று கேட்டால், "சின்ன திருகாணிதான் சிவ்யோ சீக்கிரம் தொலையும், அதுக்குப் பெரிய பெட்டி வேணும்" என்பார்.

முப்பது வருடம் இந்தப் பதிலை நம்பியிருக்கிறேன். எனக்கு மூக்கு நீளம் என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இருநூறு வீடுகள் இருந்த தெரு இது. டெல் அவிவுக்கும் நியூயார்க்குக்கும் பறந்தவர்கள் போக மிச்சம் பதினான்கு வீடுகள். அந்தப் பதினான்குக்கும் பின்ஹாஸ்தான் தலைவர். ஜெப ஆலயத்து வழிபாட்டுக்குக் கட்டாயம் வேண்டிய பத்து ஆண்களைச் சேர்ப்பது, கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பூசுவது, இல்லாதவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் தலையில். அவர் மனைவி பஹோருக்கும் எனக்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர்.

ஏழு நாள் துக்கம் முடிந்தது. முப்பதாம் நாள் நினைவு விருந்தும் முடிந்தது. அதோடு பஹோர் மெத்தையில் படுத்தவள்தான். நியூயார்க்கிலிருந்து மகன் ரஃபோயில் விமானச் சீட்டு அனுப்பிவிட்டான். பஸ்கா பண்டிகை முடிந்த மறுவாரம் புறப்பட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்கூட இல்லை. அவள் அழுதிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஒரு காலையில் இல்யாவு வந்தான். அவன் முடிவெட்டுபவன், ஜெப ஆலயத்தின் சாவியும் அவனிடம்தான். நான் அப்போது அங்கே இருந்தது தற்செயல். கையில் சூப் இருந்தது. சூப் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் போய் நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

"அக்கா, பஸ்காவுக்குப் பதினைஞ்சு நாள்தான் இருக்கு. வெளிநாட்டுக்காரங்க அனுப்பின அரிசி, எண்ணெய், திராட்சை, புளிப்பில்லாத அப்பம் எல்லாம் கிடங்குல அப்படியே கெடக்கு. அண்ணன் யார் யாருக்குக் குடுப்பாருன்னு சொன்னீங்கன்னா..."

பஹோர் தலையை மட்டும் திருப்பினாள். "எனக்கெப்படித் தெரியும்?"

"கட்டின பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமயா?"

"உனக்குச் சொன்னா பக்கத்து வீட்டுக்குச் சொன்ன மாதிரிம்பாரு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சூப்பைக் கலக்கினேன்.

"எழுதி கிழுதி வெச்சிருக்காரான்னு அந்தப் பெட்டியில பாரேன்" என்றேன், பேச்சை மாற்ற.

இல்யாவு பெட்டியைத் திறந்தான். மேல்தட்டில் திருகாணிகள், முட்கள், ஒரு பூதக்கண்ணாடி. தட்டைத் தூக்கினால் கீழே முக்கால் பெட்டி காலி. மூலைகளில் அரிசிமணிகள். துவைத்து மடித்த வெள்ளைத் துணிப்பைகள். எழுதிய காகிதம் ஒன்றும் இல்லை.

பஹோர் எழுந்து வந்து ஒரு பையை விரித்துப் பார்த்தாள். "இது என் மேசைவிரிப்பு! காணாமப்போயி பத்து வருஷம் ஆச்சு. சிவ்யோ, நான் உம்மேலல்ல சந்தேகப்பட்டேன்!"

"எம்மேலயா? அதான் அந்த வருஷம் எனக்குத் திராட்சை ஜாம் தரலையா?"

அவள் பெட்டி மூலையிலிருந்து அரிசிமணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தாள். அதன்பிறகு அவள் மெத்தைக்குத் திரும்பவில்லை.

கொடுப்பது கடமை, கொடுத்ததை வெளியே காட்டுவது பாவம் என்பது எங்கள் சட்டம். வாங்குகிறவன் முகம் சிவக்கக் கூடாது. பின்ஹாஸ் இதை எவ்வளவு சுத்தமாகச் செய்தாரென்றால், விஷயத்தையும் தன்னோடு புதைத்துக்கொண்டார். இனி யாராவது வந்து "அந்தப் பை எனக்குத்தான் வந்துக்கிட்டிருந்துச்சு" என்று சொல்வார்களா? எங்கள் ஆட்கள் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தாவது புகைபோக்கியில் புகை காட்டுவார்கள். பஹோருக்கே தெரியாததால், இந்தப் பஸ்காவில் ஏதோ ஒரு வீட்டு மேசை காலியாக இருக்கும். எந்த வீடு என்றுகூட யாருக்கும் தெரியாது.

"நான் ஊருக்குப் போறதுக்குள்ள இதை முடிக்கணும்" என்றாள் பஹோர். "அவரு வேலை பாதியில நிக்கக் கூடாது."

பதினான்கு வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பை என்று முடிவு செய்தாள். எல்லாருக்கும் கொடுத்தால் யாருக்குக் கொடுத்தது என்ற கேள்வியே இல்லையே! போதாத பைகளுக்குத் தன் நல்ல படுக்கைவிரிப்பை வெட்டித் தைத்தாள். பஸ்கா அரிசியில் ஒரு கோதுமைமணிகூட இருக்கக் கூடாது என்பதால் மூன்று முறை பொறுக்கினோம். "வாயால பொறுக்காத, கையால பொறுக்கு" என்று என்னை அதட்டினாள். அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டாளே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை பைகள் போயின. திங்கள் காலை மல்கோ தன் பையோடு வந்து நின்றாள்.

"ஏன்டி பஹோர், எங்க வீட்டு அடுப்புல பூனை தூங்குதுன்னு எவளாச்சும் சொன்னாளா?"

"எல்லா வீட்டுக்கும்தான் மல்கோ குடுத்தேன்."

"எல்லாரும் நானும் ஒண்ணா? என் புருஷன் உசுரோட இருக்கான்டி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தங்கப்பல் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு, பையை வைத்துவிட்டுப் போனாள். ஆனால் மல்கோ திருப்பிக் கொடுத்த செய்தி அவளுக்கு முன்னால் தெருக்கோடியை எட்டிவிட்டது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஜெப ஆலயக் கிடங்கில் பையைப் போட்டுவிட்டுப் போனார்கள். மதியம் இல்யாவு எண்ணிப் பார்த்தான். பதினொன்று.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று குளக்கரை முசுக்கொட்டை மரத்தடியில் பெண்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சும்மா பேச்சுவாக்கில், "பதினொண்ணு திரும்பி வந்துடுச்சு. மிச்சம் மூணு எந்த வீடுன்னு நாளைக்குள்ள கண்டுபிடிச்சுடுவேன்" என்றேன். அவ்வளவுதான். ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை.

சூரியன் சாய்வதற்குள் கிடங்கில் பதினான்கு பைகளும் இருந்தன.

பஹோர் அந்தப் பைகளின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "அவரு முப்பது வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாத்துனாரு. நான் ஒரே நாள்ல எல்லாரையும் சந்தியில நிறுத்திட்டேன். என்னால ஆகாது சிவ்யோ. ரஃபோயில் சொல்றதுதான் சரி. நான் போய் அவன் புள்ளைகளுக்குச் சட்டை தோச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். அன்று வரவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணல பஹோர். நான்தான்." மரத்தடியில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் கையில் கிடைத்த மரக்கரண்டியைத் தூக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உன் நாக்கை அறுத்துத் தந்தூர் அடுப்புல ஒட்டணும்டி. ரொட்டி மாதிரி உப்பி வரும். தெருவே திங்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடக்கமாட்டாமல் சிரித்து, சிரிப்பு அழுகையாகி, அழுகை நின்றபோது வேறொரு பஹோர் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்குறவனும் குடுக்கணும்னு சட்டம் இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு. பரம ஏழையும் தன்னால முடிஞ்சதைக் குடுக்கணும்."

"அப்போ பதினாலு வீட்டுக்காரங்களும் வந்து குடுக்கட்டும். நாம யாருக்கும் குடுக்க வேணாம்."

புதன்கிழமை வீடு வீடாகப் போனாள். பிச்சைக்காரியைப் போல வாசலில் நின்று, "பஸ்காவுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டாள். தலைவர் மனைவி வந்து கையேந்தினால் யார் மறுப்பது? மல்கோகூட, "அதுக்கென்ன, தாராளமாத் தர்றேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினாள். ஆனால் நிபந்தனை உண்டு. வீட்டுக்கு ஒருவர் நிறைந்த பையோடு வர வேண்டும். கிடங்குக்குள் தனியாகப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போதும் பை நிறைந்திருக்க வேண்டும். நிரப்ப ஒன்றும் இல்லையென்றால் கந்தல் துணி, வைக்கோல் எதுவானாலும் சரி. உள்ளே வைத்தது என்ன, எடுத்தது என்ன என்பது அவரவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும்.

"ஒருத்தர் சீக்கிரம் வந்து இன்னொருத்தர் லேட்டா வந்தா அதை வெச்சே கண்டுபிடிப்பாங்களே" என்றான் இல்யாவு.

"அதுக்குத்தான் நீ இருக்க. வெளிய நின்னு வேதத்துலேர்ந்து ஒரு சங்கீதம் சத்தமாச் சொல்லு. முடியிற வரைக்கும் யாரும் வெளிய வரக் கூடாது."

"நான் என்ன பண்ண?" என்றேன்.

"நீதான் காவல். கிடங்குச் சந்து வாசல்ல முக்காலி போட்டு உக்காரு, எவனும் எட்டிப் பாக்காம. முகம் சுவத்தைப் பாத்து இருக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை முழுக்க நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் பதிமூன்று ஜோடிக் கால்கள் போயின, வந்தன. இல்யாவு பதினான்கு முறை அதே சங்கீதத்தைச் சொன்னான். ஒன்பதாவது முறை தொண்டை கட்டிவிட்டது. உள்ளேயிருந்து மல்கோ, "இன்னும் எத்தனை வசனம்டா, கால் வலிக்குது" என்று கத்தினாள். நானும் என் முறைக்கு உள்ளே போய்வந்தேன். நான் என்ன வைத்தேன், என்ன எடுத்தேன் என்பது உங்களுக்கு எதற்கு?

எல்லாரும் போனபின் பஹோரும் நானும் கதவைத் திறந்தோம். அரிசி நன்றாகக் குறைந்திருந்தது. எண்ணெயும் குறைந்திருந்தது. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பஹோர் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்புறம்தான் ஒரு மூலையில் இருந்தவற்றைப் பார்த்தோம். பின்னிய ஒரு ஜோடிக் காலுறை. உப்பிலிட்ட பூண்டு ஒரு ஜாடி. ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டுக் கொத்தமல்லி, வேரோடு. கையில் வேறொன்றும் இல்லாதவர்கள் கொடுப்பவை.

இந்தத் தெருவில் யார் எப்படிப் பின்னுவார்கள், யார் ஜாடிக்கு என்ன துணி கட்டுவார்கள், கொத்தமல்லி யார் முற்றத்தில் முளைக்கிறது என்பது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். மூன்று பொருள், மூன்று வீடு. ஒரே நொடியில் தெரிந்துவிட்டது.

பஹோர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிவ்யோ?"

"உள்ள ஒரே இருட்டா இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றேன்.

அந்தக் கொத்தமல்லியை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அன்று மாலை தொடங்கும் ஓய்வுநாளுக்கான சோற்றில் நறுக்கிப் போட்டாள். பின்ஹாஸ் போன இந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக, சுவர் தாண்டி எனக்கு ஒரு தட்டு வந்தது.

பஸ்கா முடிந்து விமானச் சீட்டின் தேதி வந்தது. அதற்கு முந்தின நாள் ரஃபோயில் போனில் கத்தியது எனக்கே கேட்டது. சுவர் மெல்லியது, என் தவறில்லை.

"அங்க உனக்கு யாரும்மா இருக்கா?"

"பதினாலு வீட்டுல கடிகாரம் இருக்குப்பா. பாக்க ஆள் வேணாமா?"

"உனக்குக் கடிகாரத்தைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"திறந்து, ஊதி, மூடணும். அப்புறம் தேநீர் குடிக்கணும்."

இப்போது வியாழக்கிழமைகளில் பஹோர் அந்தத் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அவள் தொட்ட பிறகு என் கடிகாரம் நிஜமாகவே நின்றுவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மல்கோதான் விடுவதாக இல்லை. மரத்தடியில் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, "எங்கிட்ட மட்டும் சொல்லுடி, அந்த மூணு வீடு எது?" என்று இன்னும் கேட்கிறாள்.

"நான் சுவத்தைப் பாத்துல்ல உக்காந்திருந்தேன்" என்கிறேன். "அதுல நாப்பத்திரெண்டு செங்கல் இருக்கு. மூணாவது வரிசையில ஒண்ணு விரிசல். வேணும்னா அதைப் பத்திக் கேளு."