ஒப்பீட்டுத் தோட்டம்

பளையில் பத்மாசனி அன்ரியின் மிளகாய்த் தோட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. மண்ணில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கருவி. எங்கள் பல்கலைக்கழகமும் கொழும்புக் கம்பனி ஒன்றும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. அதில் நான் பொறியியல் ஆய்வு மாணவி. என் படிப்பு ஓடுவதே கம்பனியின் தயவில்தான்.

பக்கத்துத் தோட்டம் யோகநாதன் அண்ணையுடையது. அங்கேயும் ஒரு பெட்டி; உப்பு ஏறினால் அவருடைய போனுக்குச் செய்தி போகும். உடனே தன் கிணற்றை விட்டுவிட்டுக் கோயில் கிணற்றிலிருந்து இறைப்பார். அன்ரியின் பெட்டியோ எங்கள் கணினிக்கு மட்டும்தான் சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க, கருவியின் உதவி கிடைக்காத தோட்டம் ஒன்றும் வேண்டுமாம்.

மூன்றாம் வாரமே அன்ரியின் மண்ணில் உப்பு ஏறத் தொடங்கியது. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான எங்கள் பேராசிரியர் சேரிடம் ஓடினேன்.

"நீர் வாய் திறந்தீரெண்டால் ரெண்டு வருச ஆராய்ச்சியும் துலைஞ்சுது. கம்பனி விட்டிட்டுப் போயிடும்," என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. பெரிய வீராங்கனை மாதிரி அறைக்குப் போய் அழுதேன், அவ்வளவுதான்.

அன்ரியின் செடிகள் இலை கருகிச் செத்தன. யோகநாதன் அண்ணையின் தோட்டம் பச்சைப்பசேலென்று நின்றது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் விலகிப்போன அழகைப் பார்த்துக் கம்பனிக்காரர் கைதட்டினார்கள்.

கடைசியாக, கேள்விப் படிவத்தோடு அன்ரியிடம் போனேன்.

"தண்ணி உப்பெண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ அன்ரி?"

"ஏன் தெரியாமல்? வாயில வைக்கவே கரிச்சது. முந்தியெண்டால் அண்டைக்கே பம்பை நிப்பாட்டிப்போட்டுக் கோயில் கிணத்துக்குப் போயிருப்பன்."

"பிறகேன் இறைச்சனீங்கள்?"

"கம்பஸ் ஆக்களின்ரை பெட்டி நிக்குதெல்லே. நீங்களும் கிழமைக்குக் கிழமை வந்து பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் போனீங்கள். பிழையெண்டால் பிள்ளை சொல்லும்தானே எண்டு விட்டிட்டன்."

அந்தப் பெட்டி இல்லாதிருந்தால் தோட்டம் தப்பியிருக்கும். தோட்டத்தைக் கொன்றது நாங்கள். கைதட்டு வாங்கிய கோடும் பொய். இதை எழுதினால் ஆராய்ச்சியும் போச்சு, என் பட்டமும் போச்சு.

அவா தேத்தண்ணி கொண்டு வந்து தந்தா.

"அடுத்த முறையும் பெட்டி நிக்கட்டும் பிள்ளை. நீங்கள் பாக்கிறியள் எண்டால் ஒரு நிம்மதி."

"ஓம் அன்ரி," என்றேன்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். படிவத்தில் 'தண்ணீர் உப்பானது தெரிந்ததா?' என்ற கேள்விக்கு நேரே, 'இல்லை' என்ற கட்டத்துக்குள் புள்ளடி போட்டேன்.