கத்திக்குக் கல் ஆகாது

பள்ளத்தூர் பங்களா ஒன்றில் கழித்துப் போட்டிருந்த புல்வெட்டும் வண்டியைச் சூசைமரியான் பழைய இரும்பாகத்தான் தூக்கிவந்தான். தள்ளினால் உருளை உருளும். அதோடு கத்திகளும் சுழலும். ஆனால் அது புல்லை வெட்டவில்லை, தடவிக்கொடுத்தது. மானகிரியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவனுக்கு அது பொறுக்குமா? உருளைப் பக்கம் சைக்கிளின் பெரிய பல்சக்கரத்தைப் பொருத்தினான். கத்தி அச்சில் இருந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதில் பாதியளவு உள்ளதை மாட்டினான். சங்கிலியைக் கோத்துத் தள்ளியபோது கத்திகள் தனித்தனியாகத் தெரியவில்லை.

"அண்ணே, இது புல்லு வெட்டவா, மெட்ராசுக்குப் போகவா?" என்றாள் அவன் தங்கை சந்தனமேரி.

"மூணு நாள் வேலை அரை நாள்ல முடியுதா இல்லையான்னு பாரு. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். இந்த வேகத்துக்குக் கல்லு ஆகாது. பட்டுச்சுன்னா கத்தி போச்சு. கல்லறைத் தோட்டத்துல ஒரு கூழாங்கல்லு கிடக்கப்படாது. அவுகவுக மூலையில பொறுக்கிருங்க."

அவன் மனைவி ஞானபூரணி அரிவாளைக் கையில் வைத்தபடி நின்றாள்.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு ஊர்ப் பெண்கள் அரிவாளோடு போய்ப் புல் அறுப்பது வழக்கம். கிழக்கு மூலையை எப்போதும் அவள் கேட்டு வாங்கிக்கொள்வாள். அங்கே சிலுவை ஏதும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் அவள் பெற்ற பெண்குழந்தை, ஞானஸ்நானத் தண்ணீர் படுமுன்பே போய்விட்டது. பெயரும் இல்லை, பூசையும் இல்லை. அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அவன்தான் துணியில் சுற்றித் தனியே எடுத்துப்போனான். பிறகு ஒருநாள் இடத்தைக் கேட்டபோது, கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபடியே அந்த மூலைப் பக்கம் கையைக் காட்டினான். அவள் அங்கே வெள்ளை வெளேரென்ற ஏழு வெங்கச்சங்கற்களைச் சிறு வட்டமாகப் பதித்தாள். அதை அவனிடம்கூடச் சொல்லவில்லை. அரிவாளால் அறுக்கும்போது ஒவ்வொரு பிடிப் புல்லையும் இடது கையால் பற்ற வேண்டும். அப்போது விரல்கள் கற்களைத் தொடும். வருடத்தில் அந்த ஒருநாள் அவளுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது சொல்லிவிடலாமா? அன்றைய நாளைப் பற்றி அவர்கள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சங்கிலி, டியூப், பேரிங் பால்ஸ் என்று எதையாவது அவன் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான். எதைக் கேட்காமலிருக்க அப்படிப் பேசுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவளும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை ஆறு கற்களைப் பொறுக்கினாள். தலைமாட்டுக் கல்லைத் தொட்ட கை எடுக்க மாட்டேன் என்றது. அதை மண்ணுக்குள் அழுத்தி, மேலே புல்லை இழுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வண்டி ஓடியது. புல் பொரிபோலத் தெறித்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். கிழக்குச் சுவரோரம் ணங்கென்று ஒரு சத்தம். கத்தி வளைந்து, சங்கிலி அறுந்து விழுந்தது.

சூசைமரியான் கல்லைத் தோண்டியெடுத்தான். "எவ பொறுக்குன மூலைடி இது?" என்று கத்தியபடி சுவருக்கு வெளியே வீசினான்.

"நான்தான்" என்றாள் ஞானபூரணி. "பிள்ளை தலைமாட்டுல வச்சிருந்தேன்."

சந்தனமேரி மற்றவர்களை மெல்ல அப்பால் அழைத்துப்போனாள். அவன் அறுந்த சங்கிலியை எடுத்துக் கையில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

"அது இங்க இல்ல, பூரணி."

அவள் அவனையே பார்த்தாள்.

"தண்ணி ஊத்தாத பிள்ளைன்னு உள்ள விடல. சுவத்துக்கு அங்குட்டுத்தான் வச்சேன். நீ கேட்டப்ப, வெளியன்னு சொல்ல வாய் வரல."

"அப்ப ஆறு வருசமா வெறும் மண்ணையா தடவிக்கிட்டிருந்தேன்? பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

அவள் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். அங்கே ஆடுகள் ஒட்ட மேய்ந்திருந்தன. அறுக்க ஒரு பிடிப் புல் இல்லை. அவன் வீசிய கல்லைத் தேடினாள். தரையெங்கும் வெங்கச்சங்கற்கள்தான் கிடந்தன.

அவன் பின்னால் வந்து நின்றான்.

"எந்த இடம்?" என்று கேட்டாள்.

அவன் வெகுநேரம் தரையைப் பார்த்தான். கருவேல மரத்தடிக்கு இரண்டடி வைத்தான், திரும்பி வந்தான்.

"அன்னைக்கு மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு" என்றான்.